அடிக்குறிப்பு பதினேழு

என் வாழ்க்கை வரலாற்றை எழுதும் உரிமை ஜெனோவா மோத்தாவுக்கு மட்டுமே உண்டு, வேறு எவரும் என் மாடிப்படியில் கால் வைக்கக் கூடாது என்று எழுத்தாளர் கோமதிநாயகம் உயில் எழுதி வைத்திருந்தார். வக்கீல் அதை வாசித்த அன்று, ஜெனோவா மோத்தாவாகிய நான் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். தூத்துக்குடியில் ஒரு கல்லூரித் தமிழ் ஆசிரியைக்கு இதைவிடப் பெரிய கௌரவம் என்ன வேண்டும் என்று நினைத்தேன். இப்போது அந்த வரியை நினைத்தால் வயிறு எரிகிறது.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பகலில் உப்பு ஆலையில் ரசாயனப் பரிசோதகர். மற்ற நேரத்தில் விஞ்ஞானக் கதை எழுதுகிறவர். அதற்கும் மேல் ஒரு சேகரிப்புப் பைத்தியம். வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு பண்ணி, முதல் பக்கத்தில் பெயர் எழுதி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருந்ததல்லவா, அந்தப் புத்தகங்களைத்தான் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்தார். நாலாயிரத்து இருநூறு புத்தகங்கள். அவர் வீட்டு மாடியில் ஒருக்களித்துத்தான் நடக்க முடியும்.

பன்னிரண்டு வருடம் அவரை ஆராய்ந்திருக்கிறேன். அவருக்கு எந்தப் பல் எப்போது விழுந்தது என்பது வரைக்கும் தெரியும். தெரியாமல் இருந்தது ஒன்றே ஒன்று. 'கடலடி மணி' எங்கிருந்து வந்தது?

அது அவருடைய கடைசி நாவல். ஒன்பது வருடம் ஒரு வரிகூட எழுதாமல் இருந்தவர் திடீரென்று உட்கார்ந்து எட்டே மாதத்தில் எழுதியது. கடலுக்குள் இறங்கும் ஒரு முக்குளிப்பவன், அடியில் ஓர் ஊரைக் காண்கிறான். அந்த ஊரில் ஒரு சின்னப் பெண் கோயில் மணியை அடித்துக்கொண்டே இருக்கிறாள். மேலே தோணியில் இருக்கிறவர்கள் கயிற்றை இழுத்து இழுத்துக் கூப்பிட்டும் அவன் ஏறி வருவதில்லை. கதையை ஓர் அப்பா தன் மகளுக்குச் சொல்கிறார். மகளை மடியில் வைக்காமல் எதிரே உட்கார வைத்துச் சொல்வார். ஒவ்வொரு நாளும் முடிக்கும்போது, "மிச்சத்த மாதாவும் எழுதுறவனும் பாத்துக்கிடுவாங்க" என்பார். அந்த நாவலைப் படித்துவிட்டுத்தான் நான் என் வாழ்நாளை இந்த மனிதருக்குத் தத்தம் செய்தேன். வருடா வருடம் வகுப்பில் அதை நடத்தும்போது நடுவில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

சிக்கல் என்னவென்றால், கோமதிநாயகம் திருநெல்வேலிச் சைவப் பிள்ளை. அவர் பிறந்து மூன்றாம் மாதமே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். கடல் ஆகாது, துறைமுகத்தில் நின்றாலே அவருக்குத் தலை சுற்றும். கடலோடிகள் பேர் சொல்லும் சோழக்காற்றும் கச்சான் காற்றும் அவருக்கு எப்படித் தெரிந்தன? அவர் நாவலில் வரும் அப்பா ஏன் மாதாவைக் கூப்பிடுகிறார்?

ஆராய்ச்சிக்காரி விடுவாளா? ஒன்பதாம் அத்தியாயத்தில் பதினேழாம் அடிக்குறிப்பு போட்டேன். "ஆசிரியர் இளமையில் வாடகைக்கு இருந்த தெருவில் கத்தோலிக்கப் பரதவர் குடும்பங்கள் வசித்தன, அப்பழக்கத்தால் வந்த வழக்காக இருக்கலாம்." ஆதாரம் ஒன்றும் கிடையாது. 'இருக்கலாம்' என்ற சொல்லைப் போல எங்கள் தொழிலில் கைகொடுப்பது வேறில்லை. மகளை எதிரே உட்கார வைப்பதற்கும் விளக்கம் எழுதினேன், இரண்டு பக்கம். சைவக் குடும்பத்துக் கண்டிப்பின் நிழலாம். படித்துப் பார்த்து நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

புத்தகம் அச்சுக்குப் போக ஒரு மாதம் இருந்தது. கடைசியாக மாடியில் ஓர் அறைதான் பார்க்க மிச்சம். அதன் சாவி குற்றாலிங்கத்திடம் இருந்தது. குற்றாலிங்கம் உப்பு ஆலையில் கோமதிநாயகத்துக்கு உதவியாளராக இருந்தவர்; பிறகு அவருடனேயே தங்கிவிட்டவர். சாவியைக் கேட்கும்போதெல்லாம் அவருக்குப் பல்வலி வரும். அன்றைக்கு நான் பல் டாக்டரையே கூட்டி வருகிறேன் என்றதும் சாவியைத் தந்தார்.

அறையில் ஐஸ்கிரீம் கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி மேல் மூடி வைத்த நீளமான குளிர்ப்பெட்டி இருந்தது. உள்ளே வரிசையாகச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். முந்நூற்றுப் பன்னிரண்டு. பெரும்பாலானவற்றுக்குச் சிவப்பு மூடி. ஒன்பதுக்கு மட்டும் வெள்ளை மூடி. பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம்.

"இது வாசகர் ஞாபகத் திட்டம்தானே அண்ணாச்சி? இதுக்கா இவ்வளவு பிகு பண்ணினீங்க?" என்றேன். எனக்கு அது நன்றாகவே தெரியும். பத்தொன்பது வயதில் நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கதையை முதன்முதலாக வாசித்த ஞாபகத்தை மூளையிலிருந்து நகல் எடுத்து வைக்கும் ஒரு இயந்திரத்தைக் கோமதிநாயகம் வாங்கி வைத்திருந்தார். வாசித்த புத்தகத்தையும் கையோடு கொண்டு வரச் சொல்லியிருந்தார். வீட்டுப் பெட்டியிலிருந்து ஏதோ ஒரு பழைய பைண்டு புத்தகத்தை அம்மாவிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டு போனேன்; அதை அவரே வைத்துக்கொண்டார். தலையில் ஒரு தொப்பி மாட்டினார்கள். எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள். கோமதிநாயகம் கையெழுத்துப் போட்ட ஒரு புத்தகம் தந்தார். ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

நோட்டில் என் பெயரைத் தேடினேன். நூற்று நாற்பத்தேழு. கதை: 'சந்திரச் சுரங்கம்', கோமதிநாயகம் எழுதிய தொடர், முப்பத்து நான்கு வாரம். வாசித்த வயது: ஒன்பது. அடுத்து ஒரு கட்டம், 'உடனிருந்தவர்' என்று. அதில் என் கையெழுத்தில், நீல மையில், 'அப்பா வாசிக்கக் கேட்டேன்' என்று இருந்தது.

நான் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

என் அப்பா கஸ்பார் மோத்தா தோணியில் போகிறவர். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போனால் வர ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது தோணியோடு போனவர்தான், திரும்பி வரவில்லை. அவரைப் பற்றி எனக்கு ஞாபகம் இருப்பது அவர் முதுகு ஒன்றுதான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போகும் முதுகு. முகம் போட்டோவில் பார்த்ததுதான். குரல் சுத்தமாக இல்லை.

எனக்கு இருபது வயதில் கல்லறைத் திருநாள் அன்று உறவுக்காரர்கள் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். அம்மா, "அப்பா உனக்குக் கதை வாசிப்பாரே, அதச் சொல்லு ஜெனோ" என்றாள். "அப்பா எனக்கு வாசிச்சதே இல்லியே" என்றேன், சாதாரணமாக. அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நெஞ்சில் குத்துகிறது. நாலு எழுத்துப் படித்ததும் தோணிக்காரன் மகள் என்று சொல்ல எனக்குக் கூசுகிறது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அதன் பிறகு அப்பாவின் பெயரை அவள் என் முன்னால் எடுத்ததே கிடையாது. இருபத்து மூன்று வருடம்.

"அண்ணாச்சி, இது நகல்தானே? நகல் எடுத்தா அசல் எங்கிட்டதானே இருக்கணும்?"

குற்றாலிங்கம் குளிர்ப்பெட்டி மூடியைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"டீச்சர், நகல்னா ஜெராக்ஸ் மாதிரி. இது அப்படி இல்ல. தேன் எடுக்க மாதிரி. எடுத்தா கூட்டுல இருக்காது."

"நகல்னு எழுதித்தானே கையெழுத்து வாங்கினீங்க?"

"மொத மூணு பேருக்கு எடுக்கையில ஐயாவுக்கே தெரியாது. மூணாவதா ஒரு வாத்தியார் வந்தாரு. ஒரு மாசம் கழிச்சு லெட்டர் போட்டாரு. 'உங்க கதைய மறுபடி எடுத்தேன், புதுசா வாசிக்க மாதிரியே இருந்துச்சு, என்ன மாயம்'னு. அப்பதான் எங்களுக்கு விளங்கிச்சு. ஐயா லெட்டரக் காட்டி, 'பாத்தியா, சந்தோசமாத்தானே இருக்காரு'ன்னாவ. அதுக்கப்புறம் முந்நூத்து ஒம்போது பேரு."

"நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"தொப்பி மாட்டினதே நான்தான் டீச்சர்."

இந்த மனிதரிடம் இத்தனை வருடம் எத்தனை காபி வாங்கிக் குடித்திருக்கிறேன் என்று நினைத்தேன்.  சரி, எடுத்ததைத் திருப்பிப் போட முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தலைக்கு. போட்டதும் குப்பி காலியாகிவிடும்.

"அப்ப போடுங்க. இப்பவே போடுங்க. நூத்து நாப்பத்தேழு."

நானே குனிந்து தேடினேன். கிடைத்தது. வெள்ளை மூடி. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

குற்றாலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தன் கதை வாசிக்கவன் மண்டைக்குள்ள எப்பிடி இருக்குன்னு பாக்க ஐயாவுக்கு ஆசை. ஒவ்வொண்ணாத் தன் தலையில போட்டுப் பாத்தாவ. மொத எட்டும் ஏமாத்தம். எல்லாரும் விஞ்ஞான விளக்கம் வர்ற பக்கத்தத் தாண்டித் தாண்டிப் போயிருந்தாங்க. வேற சமயமா இருந்தா சிரிப்பீங்க. ஒம்பதாவது உங்களோடது. தொப்பியக் கழட்டினதும் எந்திரிச்சு உக்காந்து, 'ஏய் குற்றாலம், இது நான் எழுதினது இல்லடா'ன்னாவ. கண்ணுல தண்ணி. அப்புறம் குப்பியத் தொடவே இல்ல. மறுநாள் பேனாவ எடுத்தாவ."

"எட்டு மாசம்," என்றேன்.

"ஆமா."

"அந்த அப்பா என் அப்பா."

"ஆமா டீச்சர். சாகுற நேரத்துலகூட ஐயா, 'அப்பா, அடுத்த வாரம் என்ன ஆவும்'னு கேட்டுக்கிட்டே கெடந்தாவ. காது குடுத்துக் கேக்க முடியல."

ஒரு மனிதர் என் அப்பாவை எடுத்துப் போய், அவருக்காக அழுது, அவரைக் கூப்பிட்டுக்கொண்டே செத்தும் போயிருக்கிறார். நான் அவருடைய சவ ஊர்வலத்தில் முதல் வரிசையில் நடந்தேன். இரங்கல் கூட்டத்தில் 'கடலடி மணி'யிலிருந்து ஒரு பக்கம் வாசித்துக் காட்டினேன்.

கடைசியாக ஒன்று கேட்டேன். "தெரிஞ்சும் ஏன் என்னை எழுதச் சொன்னாரு? பாவத்துக்குப் பரிகாரமா?"

குற்றாலிங்கம் குளிர்ப்பெட்டியின் மூடியைச் சாத்தினார். "நானும் அப்படித்தான் கேட்டேன். 'வேற ஆளு எழுதினா மாதாங்கற சொல்லைப் பிடிச்சுக்கிட்டுப் பரதவர் தெருவெல்லாம் போய் விசாரிப்பான், அந்தப் பொண்ணு அம்மாவரைக்கும் போயிருவான். அந்தப் பொண்ணு எழுதினா அங்க மட்டும் போகாது. அதுக்குத்தான் அந்த எடமே ஞாபகம் கெடையாதே'ன்னாவ."

இவ்வளவு கேட்ட பிறகும் நான் அவரை 'ஐயா' என்றுதான் மனதுக்குள் நினைத்தேன். பன்னிரண்டு வருடப் பழக்கம். அதற்காக என் கன்னத்திலேயே நாலு போட வேண்டும் போல் இருந்தது.

மாடி அலமாரியிலிருந்து 'சந்திரச் சுரங்கம்' பைண்டு புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பச்சைக் காலிக்கோ துணி ஒட்டிய அட்டை. முதல் பக்கத்தில் குண்டு குண்டான எழுத்தில், 'ஜெனோவா, நான்காம் வகுப்பு ஆ பிரிவு. அப்பா வாசித்தது 34 வாரம்.' அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு நேரே அம்மா வீட்டுக்குப் போனேன்.

அம்மா செசிலி பின்கட்டில் உட்கார்ந்து சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். புத்தகத்தைப் பார்த்ததும் கையைக்கூடத் துடைக்கவில்லை.

"இது எங்கட்டி கெடந்துச்சு? பெட்டியில காணோம்னு எத்தன வருசம் தேடிருக்கேன். கறையான் அரிச்சிருச்சுன்னு நெனச்சேன்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தொப்பி, குப்பி, நகல் இல்லாத நகல், வெள்ளை மூடி. அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ. ஆனால், "நான் உன்கிட்ட பொய் சொல்லலம்மா, நெசமாவே எனக்கு ஞாபகம் இல்ல, எடுத்துட்டாங்க" என்றபோது அவள் முகம் கோணியது. ஈரக் கையால் என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். மீன் வாடையோடு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம்.

"பாவி. நான் உன்ன என்னென்ன நெனச்சுட்டேன்" என்றாள். "திருட்டுப்பய. அவன் நல்லாருப்பானா."

"செத்துட்டாரும்மா."

"செத்தா? செத்தாலும்தான்."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தாள். அப்பா எப்படி வாசிப்பார் என்று கேட்டேன். குரல் எப்படி இருக்கும், வேகமாகவா, நிறுத்தி நிறுத்தியா. அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"வாசிக்கிறதா? உங்க அப்பாவுக்கு எங்கட்டி வாசிக்கத் தெரியும்? தோணியில பேரு குடுக்கையில கைநாட்டுல்லா வைப்பாரு."

"கதை வாசிப்பாருன்னு நீதானேம்மா சொல்லுவ?"

"உன் முன்னால வேற எப்படிச் சொல்லச் சொல்லுத? அப்பா வாசிக்காரு, அப்பா வாசிக்காருன்னு நீ தெருவெல்லாம் பெருமையடிச்சுக்கிட்டுத் திரிஞ்ச. தெரியாதுன்னு சொல்ல அவருக்கு மனசு வரல. வரும்போதெல்லாம் சேத்து வச்ச பேப்பரக் கையில எடுத்துக்கிட்டு, படத்தப் பாத்து அவராச் சொல்லுவாரு. இங்க பாரு."

அவள் விரல் வைத்த இடத்தில் ஓவியரின் பெரிய படம். கறுப்பு ஆகாயம். உருண்டைத் தலைக்கவசம் போட்ட ஒருவன். அவன் முதுகிலிருந்து வளைந்து மேலே போகும் ஒரு குழாய். தட்டையான ஒரு நிலா வண்டி. ஆராய்ச்சிக்காகப் பத்திரிகை நகலில் நான் நூறு தடவை பார்த்த படம்தான்.

"இது சந்திரனாம், எனக்கு இப்பத்தான் தெரியும்," என்றாள் அம்மா. "அவரு என்ன கண்டாரு. இந்தத் தொப்பியப் பாத்தாரு, இந்தக் குழாயப் பாத்தாரு. சங்கு குளிக்கப் போறவன்னு நெனச்சுட்டாரு. இது தோணி. இந்தக் கறுப்பு எல்லாம் ஆழத்துத் தண்ணி."

 'இது நான் எழுதினது இல்லடா.' கோமதிநாயகம் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். தன் கதை எப்படிக் கேட்கிறது என்று பார்க்கப் போன இடத்தில், எழுத்துத் தெரியாத ஒருவர் தன் மகளிடம் அவமானப்படாமல் இருக்க இட்டுக்கட்டிய கதை இருந்திருக்கிறது. ஒன்பது வருடமாக எழுத வராமல் இருந்தவருக்கு அது கையில் கிடைத்திருக்கிறது.

"எதிர்லதான் உக்கார வைப்பாரு, இல்லம்மா? மடியில வைக்க மாட்டாரு."

"மடியில வச்சா நீ பேப்பர எட்டிப் பாத்துருவியே. எழுத்துக் கூட்டிப் பிடிச்சிருவியோன்னு அந்த மனுசனுக்குப் பயம். உன்னத் தூக்கி வச்சுக்கணும்னு அவருக்கு அவ்வளவு ஆசை. கதை முடிஞ்சதும் பேப்பர என்கிட்ட எறிஞ்சுட்டுத்தான் உன்னத் தூக்குவாரு."

சைவக் குடும்பத்துக் கண்டிப்பின் நிழல். இரண்டு பக்கம். 

"அம்மா, அந்தக் கதை உனக்குத் தெரியுமா? நீ சொல்லேன்."

"நான் அடுப்படியில நிப்பேன்ட்டி. அங்கங்க ஒரு சொல்லு காதுல விழும். முழுசாக் கேட்டது நீ ஒருத்திதான்."

அந்த ஒருத்தியிடம் இப்போது அது இல்லை. ஆகவே என் கைப்பையில் எப்போதும் இருக்கும் 'கடலடி மணி'யை எடுத்தேன். அட்டையில் கோமதிநாயகம் மோவாயில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அட்டையைப் பின்னால் மடித்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். அம்மா மீனை மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தோணிக்காரர்கள் முதல் தடவை கயிற்றை இழுக்கும் இடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இந்த எடத்துல இருமுவாரு," என்றாள். "அடுத்து என்ன சொல்லன்னு தெரியாட்டி ஒரு இருமல் இருமுவாரு."

புத்தகத்தில் அந்த இடத்தில் மூன்று புள்ளிகள் இருந்தன. அந்த மூன்று புள்ளிகளைப் பற்றியும் நான் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். பரிசுகூடக் கிடைத்தது.

இப்போது குற்றாலிங்கமும் நானும் சிவப்பு மூடிக் குப்பிகளின் சொந்தக்காரர்கள் முந்நூற்று மூன்று பேருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். அவர்களுக்கு அவரவர் ஞாபகம் திரும்பக் கிடைக்கும். இறந்துபோனவர்களின் பிள்ளைகளுக்கும் எழுதுகிறோம். வெள்ளை மூடிக்காரர்கள் எட்டுப் பேருக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. குற்றாலிங்கத்தோடு நான் இன்னும் காபி குடிப்பதில்லை.

பதிப்பாளர் புத்தகத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், வரட்டும் என்று சொல்லிவிட்டேன். கடைசி இரண்டு அத்தியாயங்களைத் திரும்ப எழுதினேன். அந்த இரண்டு பக்க விளக்கத்தை எடுத்துவிட்டேன். பதினேழாம் அடிக்குறிப்பை மட்டும் எடுக்கவில்லை. திருத்தியிருக்கிறேன். 'இருக்கலாம்' இல்லாமல் நான் எழுதிய முதல் அடிக்குறிப்பு அது.

17. மாதா: கதை சொன்னவரின் வழக்கு. அவர் பெயர் கஸ்பார் மோத்தா, தோணித் தொழிலாளி, தூத்துக்குடி. எழுதப் படிக்கத் தெரியாதவர். கதையைக் கேட்டவர் இந்நூலாசிரியர். அவருக்கு அது ஞாபகம் இல்லை.